இல்லாத மனிதனுக்குப் பொடுகு

ரஷ்மோர் மலையடிவாரத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நான்கு அமெரிக்க ஜனாதிபதிகளின் கல்முகங்கள். உள்ளே மேஜைக்கு மேஜை சுற்றுலா வந்த குடும்பங்கள். கேரி கிராண்டும் ஈவா மேரி செயின்டும் வாக்குவாதம் செய்கிறார்கள். இன்னும் சில விநாடிகளில் ஈவா கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடப்போகிறார். இது ஈவாவுக்குத் தெரியும், கிராண்டுக்குத் தெரியும், கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஹிட்ச்காக்குக்குத் தெரியும். பார்க்கிற நமக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடு. ஆனால் பின்னால் ஒரு மேஜையில் நீலச் சட்டை போட்ட பொடியன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். சுடுவதற்குச் சற்று முன்னால், எந்தப் பதற்றமும் இல்லாமல், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்கிறான்.

டுமீல்.

1959இல் வந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தின் அந்தப் பையன்தான் உலக சினிமாவிலேயே பேர்பெற்ற துணை நடிகன். வசனம் கிடையாது. நடை கிடையாது. இரண்டு விரல், அவ்வளவுதான். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. ஒத்திகை என்றும் ரீடேக் என்றும் அந்தத் துப்பாக்கி அதற்கு முன்பே வெடித்திருக்கும். வெற்றுத் தோட்டாவுக்கு உயிரை எடுக்கத் தெரியாதே தவிர, காதைக் கிழிக்க நன்றாகத் தெரியும். இதில் வேடிக்கை, கதைப்படியும் அது வெற்றுத் தோட்டாதான்; கிராண்ட் செத்ததுபோல் நடிப்பதற்காக நடத்தும் நாடகம். ஆக அந்த ஹாலில் நடந்தது முழுக்க நாடகத்துக்குள் நாடகம். உண்மையாக நடந்துகொண்டவன் பையன் ஒருவன்தான்.

இதைப் பிழை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறு கருத்து உண்டு. இந்தப் படத்தில் இரண்டு தரப்பு உளவாளிகள் வருகிறார்கள். நிறையப் பேசுகிறார்கள், நல்ல உடை உடுத்துகிறார்கள், ஒருவருக்கும் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாது. முன்கூட்டியே துல்லியமான தகவலைப் பெற்று, அதற்கேற்ற தற்காப்பு நடவடிக்கையும் எடுத்த ஒரே ஆள் அந்தப் பையன். உளவாளி என்றால் அவன் உளவாளி.

இந்த ஷாட்டைப் படத்தில் வைத்திருந்த எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி. சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது இதே படத்துக்காகத்தான். பரிசை ‘பென்ஹர்’ தட்டிக்கொண்டு போனது. பையன் காரணமாக இருக்க முடியாது. அந்த வருஷம் ‘பென்ஹர்’ எதைத்தான் விட்டுவைத்தது?

பையனைக் கண்டுகொண்ட பிறகு எந்தப் படத்திலும் கதாநாயகன் முகத்தில் என் பார்வை நிற்பதில்லை. அவர் தோளுக்குப் பின்னால் காபி குடிப்பவர், படி ஏறுபவர், காரணமில்லாமல் இரண்டு தடவை கடந்து போகும் தொப்பிக்காரர் என்று கண் மேய்கிறது. வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து படம் பார்க்க விரும்புவதில்லை. “என்னங்க, கொஞ்சம் வாயை மூடிட்டுப் பாக்க விடுறீங்களா?” என்பது எங்கள் ஹாலில் நிரந்தர வசனம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஏறி இறங்குவதை நான் சுட்டிக்காட்டும்போது கதாநாயகியின் அப்பா செத்துக்கொண்டிருந்தார் என்பது என் மனைவியின் பழைய குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஆனால் மாமியார் வந்திருந்தபோது நிலைமை மாறியது. அத்தைக்கு ஆங்கிலம் வராது; ஆங்கிலப் படம் பிடிக்கும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். என் மனைவி சமையலறையில் இருந்ததால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. போட்டது அந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படம்.

கதை இதுதான். ரோஜர் தார்ன்ஹில் ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர். நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் தப்பான நேரத்தில் கையைத் தூக்கியதால், ஜார்ஜ் கேப்லன் என்ற உளவாளி இவர்தான் என்று வில்லன் ஆட்கள் நினைத்துத் தூக்கிப்போகிறார்கள். கேப்லன் என்று ஒருவர் கிடையவே கிடையாது. அமெரிக்க உளவுத்துறை வில்லனைத் திசைதிருப்ப உருவாக்கிய கற்பனை ஆள். அவர் பெயரில் ஊர் ஊராக ஹோட்டல் அறை போடுவார்கள், பெட்டி சட்டை துணிமணிகளை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாற்றுவார்கள். ஆள் மட்டும் இல்லை. தார்ன்ஹில் கேப்லனின் அறைக்குள் புகுந்து குடைகிறார். கோட்டைப் போட்டுப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. சீப்பைப் பார்க்கிறார்: கேப்லனுக்குப் பொடுகு.

“ஆளே இல்லைங்கறீங்க, பொடுகு மட்டும் எப்படி மாப்பிள்ளை?” என்றார் அத்தை.

சரியான கேள்வி. உளவுத்துறையில் யாரோ ஒரு குமாஸ்தா மெனக்கெட்டு, சம்பளத்துக்கு, சீப்பில் பொடுகு தடவியிருக்க வேண்டும். சினிமாவில் இந்த வேலை செய்பவரை ஆர்ட் டிபார்ட்மெண்ட் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டு தொழிலும் ஒன்றுதான்: இல்லாத ஆளுக்கு அறை போட்டு, துணி தைத்து, ஊரை நம்பவைப்பது. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. இந்தப் படத்தின் கதையில் நடப்பதைவிட, படத்தை எடுத்த விதத்தில்தான் உளவு வேலை அதிகம்.

ஆரம்பமே மோசடி. எம்ஜிஎம் நிறுவனம் ஹிட்ச்காக்கையும் கதாசிரியர் எர்னஸ்ட் லேமனையும் அமர்த்தியது ‘தி ரெக் ஆஃப் தி மேரி டியர்’ என்ற நாவலைப் படமாக்க. நடுக்கடலில் ஆளில்லாத கப்பல், பிறகு நீளமாக ஒரு விசாரணை. இதில் தன்னால் முடியாது என்று லேமன் சொன்னார். பரவாயில்லை, வேறு ஏதாவது செய்யலாம் என்றார் ஹிட்ச்காக். எம்ஜிஎம்மிடம் யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. இருவரும் தினம் சந்தித்து ஊர்க்கதை பேசினார்கள். முதலாளிகள் கப்பல் கட்டப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஹிட்ச்காக் கூட்டத்துக்குப் போய், கப்பல் கதைக்கு நாளாகும், அதற்கு முன் இன்னொரு படம் செய்து தருகிறேன் என்று புதுக்கதையின் முன்பகுதியைச் சொன்னாராம். மீதிக் கதை அவரிடமே கிடையாது. சுவாரசியமான இடம் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாராம். முதலாளிகளுக்கு ஒரே மகிழ்ச்சி: ஒரு படத்துக்கு இரண்டு படம். லேமன் பிற்காலத்தில் இதை ரசித்து ரசித்துச் சொல்லியிருக்கிறார்.

இல்லாத உளவாளி என்ற கருவும் அவர்களுடையது அல்ல. ஓட்டிஸ் கர்ன்ஸி என்ற பத்திரிகையாளரிடம் ஹிட்ச்காக் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. பல்லாண்டு காலமாக ஹிட்ச்காக் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ரஷ்மோர் மலை முகங்களின் மேல் ஒரு துரத்தல். கதாநாயகன் லிங்கனின் மூக்குத் துவாரத்தில் ஒளிந்துகொள்ள வேண்டும், அப்போது அவருக்குத் தும்மல் வர வேண்டும். இந்த ஒரு தும்மலுக்காகத்தான் மீதிப் படம் முழுவதும். படத்துக்கு ஒரு கட்டத்தில் ‘லிங்கன் மூக்கில் இருந்தவன்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். கடைசியில் வைத்த பெயர் திசைகாட்டியில் இல்லாத திசை. இல்லாத ஆளைத் தேடுபவன் வேறெங்கே போவான்?

அடுத்த உளவு, நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் விஷயத்தில். தார்ன்ஹில் வேடம் தனக்குத்தான் என்று ஸ்டூவர்ட் நம்பிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து செய்த ‘வெர்ட்டிகோ’ சரியாகப் போகாததற்கு ஸ்டூவர்ட்டின் வயது தெரிந்ததே காரணம் என்று ஹிட்ச்காக் நினைத்ததாகச் சொல்வார்கள். அதை முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? ஸ்டூவர்ட் வேறொரு படத்தில் ஒப்பந்தமாகும்வரை நாளைக் கடத்தினார். பிறகு, அடடா, நீங்கள் இல்லையே என்று வருத்தப்பட்டுவிட்டு கேரி கிராண்டைப் போட்டார். கிராண்ட் பிறந்தது 1904, ஸ்டூவர்ட் 1908. வயதானவர் வேண்டாம் என்று நான்கு வயது மூத்தவரை எடுத்ததைக் கண்டினியுட்டிப் பிழையில் சேர்ப்பதா, வேறெதில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. கிராண்ட் வந்த பிறகு, மூன்றில் ஒரு பங்கு படம் முடிந்தும் கதை தலையா வாலா என்று தனக்குப் புரியவில்லை என ஹிட்ச்காக்கிடம் புகார் சொன்னார். கதையில் அவர் ஏற்ற பாத்திரத்துக்கும் அதே புகார்தான். தன்னை அறியாமல் நன்றாக நடித்துவிட்டார்.

ஐக்கிய நாடுகள் சபை விவகாரம்தான் இதில் உச்சம். சபை வளாகத்தில் கதைப்படம் எடுக்க அப்போது அனுமதி இல்லை. ஹிட்ச்காக் கேட்டார், மறுத்தார்கள். ஆகவே தெருவில் ஒரு லாரியை நிறுத்தி, அதற்குள் கேமராவை ஒளித்துவைத்து, கிராண்ட் காரிலிருந்து இறங்கிப் படியேறி உள்ளே போவதைத் திருட்டுத்தனமாக எடுத்தார்கள். உட்புறம்? உள்ளே நிழற்படம் எடுக்க ஒரு புகைப்படக்காரருக்கு அனுமதி வாங்கி, ஹிட்ச்காக் சாதாரண பார்வையாளர்போல் அவர் பின்னால் நடந்து, ‘இங்கிருந்து எடு, அந்தப் பக்கம் கூரையிலிருந்து எடு’ என்று கிசுகிசுத்துக்கொண்டே போனாராம். அந்த உடம்பையும் அந்த முகத்தையும் வைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் உலவுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. தன் படங்களில் ஒரு விநாடி தலைகாட்டி முகத்தை உலகத்துக்கே பழக்கிவைத்தவர் அவர். இந்தப் படத்திலும் பெயர்கள் ஓடி முடியும்போது ஓடிவந்து பஸ்ஸைத் தவறவிடுகிறார்; கதவு அவர் மூக்குக்கு நேராகச் சாத்தப்படுகிறது. ரயில் காட்சியில் பெண் வேடத்திலும் வருகிறார் என்று ஒரு கோஷ்டி சாதிக்கிறது. அந்த அம்மாளை நான் உற்றுப் பார்த்துவிட்டேன். இல்லை.

அந்தப் புகைப்படங்களை வைத்து ஸ்டூடியோவில் சபையைக் கட்டினார்கள். கதைப்படி அங்கே ஒருவர் முதுகில் கத்தி பாய்ந்து சாகிறார். பிரதிநிதிகளின் ஓய்வறையில் இது நடந்தால் சபையின் மரியாதை என்னாவது என்று, படத்தில் அதைப் ‘பொதுமக்கள் ஓய்வறை’ ஆக்கிவிட்டார்கள். பொதுமக்கள் குத்துப்பட்டால் பாதகமில்லை போலிருக்கிறது.

ரஷ்மோர் மலைக்கும் இதே கதி. முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு தேசியச் சின்னத்தின் முகத்தில் ஆட்கள் கட்டிப்புரளப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அரசாங்கம் கையை விரித்தது. தலைகளின் மேல் யாரும் ஏறக் கூடாது, தலைகளுக்கு இடையில் வேண்டுமானால் சறுக்கலாம். ஆகவே மலையில் எடுத்தது கொஞ்சம். மலையையே செட்டாகப் போட்டு எடுத்தது மிச்சம். தும்மல் போயே போய்விட்டது. அறுபது அடி உயர முகம், அதற்கேற்ற மூக்கு, எல்லாம் இருந்தும் பல வருஷக் கனவு அனுமதி கிடைக்காமல் முடிந்தது. மலையுச்சியில் வில்லன் ஜேம்ஸ் மேசன் வசிக்கும் அந்த அழகான வீடு, பக்கத்தில் விமானம் இறங்கும் ஓடுதளம், இரண்டும் கிடையாது. அரசாங்க நினைவுச்சின்னத்தின் உச்சந்தலையில் ஒரு தனியார் பங்களாவுக்கு யார் பட்டா கொடுத்தார்கள் என்று கதையில் ஒரு பாத்திரமும் கேட்பதில்லை. வீட்டைக் கலை இயக்குநர் ராபர்ட் பாய்ல் குழு பாதி செட்டாகவும் பாதி ஓவியமாகவும் உருவாக்கியது. வீட்டுக்கு அடியில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரங்கள், கிராண்ட் பிடித்து ஏற ஏதாவது வேண்டுமே என்பதற்காக வைத்தவை. கட்டடக்கலை மாணவர்கள் அந்த உத்திரங்களை இன்றும் வியக்கிறார்கள்.

வயல்காட்டுக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். படம் பார்க்காதவர்கள்கூட அதன் போஸ்டரைப் பார்த்திருப்பார்கள். கோட்டு சூட்டு டையோடு ஒருவர் ஓட, பின்னால் மருந்து தெளிக்கும் சின்ன விமானம் தாழப் பறந்து துரத்தும். ஹிட்ச்காக் முதலில் கேட்டது சூறாவளி. வெட்டவெளியில் தனியாக நிற்பவனைச் சூறாவளி வந்து தாக்க வேண்டும். லேமன் நிதானமாக, வில்லன் சூறாவளியை எப்படி வரவழைப்பான் என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் விமானம். ஒருவனைக் கொல்ல ஆள் வைத்துச் சுடுவது மலிவு என்ற யோசனை மட்டும் இருவருக்கும் வரவில்லை, நல்லவேளை.

அந்த இடம் கதைப்படி இண்டியானா. எடுத்தது கலிஃபோர்னியாவில் வாஸ்கோ என்ற ஊர்ப்பக்கம், அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் வாக்கில் தள்ளி. துரத்தும் விமானமும் கடைசியில் பெட்ரோல் லாரியில் மோதும் விமானமும் வெவ்வேறு ரகம். கிராண்ட் மண்ணில் குப்புற விழும் கிட்டத்து ஷாட்டுகள் ஸ்டூடியோவுக்குள், பின்திரையில் விமானத்தை ஓடவிட்டு எடுத்தவை. கூர்ந்து பார்த்தால் முன்னால் ஒரு வெளிச்சம், பின்னால் ஒரு வெளிச்சம். அதேபோல் படத்தின் ஆரம்பத்தில் கிராண்டைக் குடிக்கவைத்து காரில் ஏற்றி உருட்டிவிடுகிறார்களே, அது நியூயார்க்குக்குப் பக்கத்தில் க்ளென் கோவ். அங்கே அப்படிக் கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் மலைப்பாதை கிடையாது. ஆனால் போதையில் இருப்பவர் கண்ணுக்கு மலை தெரிந்தால் நாம் என்ன சொல்ல முடியும்? இந்தப் பிழையை நான் மன்னித்துவிட்டேன்.

விமானம் துரத்தும்போது அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காட்சியில் பின்னணி இசையும் கிடையாது. பெர்னார்ட் ஹெர்மன் மாதிரி ஒரு இசையமைப்பாளரை வைத்துக்கொண்டு, விமானம் மோதும்வரை ஒரு வயலின்கூட வாசிக்கவிடாமல் உட்காரவைத்த துணிச்சலை நான் விளக்க ஆரம்பித்தபோது, அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். லாரி வெடித்து முடிந்து, கிராண்ட் ஒரு வண்டியைத் திருடிக்கொண்டு சிகாகோ போய்ச் சேர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இந்தக் கோட்டு எப்ப மாப்பிள்ளை மாத்தினாரு?”

மாற்றவில்லை. போதையில் கார் ஓட்டி, போலீஸ் காவலில் ராத்தூங்கி, கொலை நடந்த இடத்திலிருந்து ஓடி, ரயிலில் மடித்த மேல்பெர்த்துக்குள் சுருண்டு ஒளிந்து, வயலில் புரண்டு, பூச்சிமருந்துப் பொடியில் குளித்து, எல்லாம் அந்த ஒரே சாம்பல் நிற சூட். பெர்த்துக்குள் நசுங்கியதில் கறுப்புக் கண்ணாடி உடைந்தது. கோட்டில் மடிப்பு விழவில்லை. சிகாகோ ஹோட்டலில் ஒரு பணியாள் வந்து வாங்கிப்போய்த் துடைத்து இஸ்திரி போட்டுத் தருகிறார், அடுத்த காட்சியில் புத்தம்புதுசு. படத்தின் கண்டினியுட்டியில் எனக்குத் தெரிந்த பெரிய அற்புதம் இதுதான். அதை அத்தை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தார். இந்தப் பெண்மணியை ஒரு படப்பிடிப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் டொமாசினிக்கு அந்தப் பையன் தொல்லையே இருந்திருக்காது.

கோட்டு என்றதும் மார்ட்டின் லாண்டோ சொன்ன கதை ஞாபகம் வருகிறது. வில்லனின் உதவியாளராக நடித்தவர். அவர் கதாநாயகனைவிட நன்றாக உடுத்தியிருக்க வேண்டும் என்று ஹிட்ச்காக்குக்கு விபரீத ஆசை. கிராண்டின் தையல்காரரிடமே ரகசியமாக லாண்டோவுக்கு சூட் தைக்கச் சொன்னார். படப்பிடிப்பில் கிராண்டின் ஆள் ஒருவர் வந்து, இந்த சூட் எங்கே தைத்தது என்று லாண்டோவை விசாரித்தாராம். இப்படித் தைக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர் என்று தூரத்திலிருந்தே கிராண்ட் கண்டுபிடித்துவிட்டார்! எதிரியை முகத்தைப் பார்த்து அல்ல, தோள் தையலைப் பார்த்து அடையாளம் காண்பவனுக்கு அமெரிக்க உளவுத்துறையில் வேலை கொடுக்கலாம். ஈவாவை ஹிட்ச்காக்கே நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மன் கடைக்குக் கூட்டிப்போய் உடைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒருமுறை ஈவா தெர்மோகோல் கோப்பையில் தானே காபி பிடித்துக் குடித்ததைப் பார்த்து அதிர்ந்துபோய், பீங்கான் கோப்பையில் வேறொருவர் கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தாராம். அத்தனை விலையுயர்ந்த உடையில் இருப்பவர் அப்படிக் குடிப்பதைத் துணை நடிகர்கள் பார்க்கலாமா என்பது அவர் வாதம். துணை நடிகர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதில் இவ்வளவு கவனமாக இருந்த மனிதர், ஒரே ஒரு துணை நடிகன் என்ன செய்கிறான் என்பதைக் கோட்டைவிட்டார்.

வாயசைவு பார்ப்பவர்களுக்கு ஒரு துப்பு. ரயிலின் உணவுப் பெட்டியில், வெறும் வயிற்றில் காதலைப் பற்றி விவாதிப்பதில்லை என்கிறார் ஈவா. உதட்டைப் பாருங்கள்; விவாதிக்கிற உதடு அல்ல அது. படமெடுத்தபோது அவர் சொன்னது ‘விவாதம்’ இல்லை, செயல். சென்சாருக்காக டப்பிங்கில் செயலை நீக்கி விவாதத்தைச் சேர்த்தார்கள். இந்த இடத்தில் அத்தைக்கு நான் மொழிபெயர்த்தது, “பசிக்குதாம்.”

இதற்குப் பின் வந்த ஜேம்ஸ்பாண்டு படங்களுக்கு இது பெரியப்பா என்பார்கள். ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்தில் ஹெலிகாப்டர் பாண்டைத் துரத்துவது இந்த விமானம் போட்ட குட்டி. கிராண்டையே பாண்டாக நடிக்கக் கேட்டார்கள், அவர் ஒரு படத்துக்கு மேல் ஒப்பவில்லை. பிழை செய்வதிலும் பாண்டு ஆட்கள் பெரியப்பா பேரைக் காப்பாற்றினார்கள். ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் பாண்டின் கார் வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி சந்துக்குள் நுழைந்து, இடப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி வெளியே வரும். நடுவில் கார் உள்ளேயே புரண்டு சாய்வதுபோல் ஒரு ஷாட்டை ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சந்தின் அகலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ‘டாக்டர் நோ’வில் இன்னும் கெட்டிக்காரத்தனம். வில்லனின் கடலடி மாளிகைக் கண்ணாடியில் காட்ட வாங்கிய மீன் காட்சிகள் சின்னஞ்சிறு மீன்களைக் கிட்டத்தில் எடுத்தவை. திரையில் போட்டால் மீன்கள் ஆனைக்குட்டி அளவு. ரீடேக்குக்குக் காசில்லை. கண்ணாடி உருப்பெருக்கும், சின்ன மீன் திமிங்கிலமாக நினைத்துக்கொள்கிறது என்று வசனம் எழுதிவிட்டார்கள். பிழையை வசனமாக்குவது தனிக் கலை.

பாண்டு இந்தியாவுக்கு வந்தது ‘ஆக்டோபஸ்ஸி’யில், 1983இல். ஹெலிகாப்டர் தாஜ்மகாலை ஒட்டிப் பறந்து உதய்பூர் போகிறது. ஆக்ராவுக்கும் உதய்பூருக்கும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தியா வந்தவன் தாஜ்மகால் பார்க்காமல் போகலாமா என்று பைலட் பாசத்தோடு சுற்றிக் காட்டியிருக்கலாம். உதய்பூரில் பாண்டை வரவேற்பவர் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ், மகுடி ஊதும் பாம்பாட்டி வேஷத்தில். ரகசிய அடையாளமாக மகுடியில் அவர் வாசிப்பது எது தெரியுமா? பாண்டு படத்தின் தீம் இசை. உலகத்திலேயே அதிகம் பேர் கேட்ட ராகத்தை ரகசியச் சங்கேதமாக வைத்துக்கொண்ட உளவுத்துறை அது ஒன்றுதான். பிறகு அவர் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசும்போது கூட்டம் தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். விம்பிள்டனில் ஆடியவருக்கு வேறென்ன மரியாதை செய்வது!

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். தார்ன்ஹில்லின் தாயாராக வருபவர் ஜெஸ்ஸி ராய்ஸ் லேண்டிஸ். பிரமாதமான நடிகை. மகனைக் கொல்ல வந்தவர்களிடம் கூட்டம் நிறைந்த லிஃப்டில், நிஜமாகவே என் பிள்ளையைக் கொல்லப்போகிறீர்களா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்துவிடுவார். அத்தை சிரிக்கவில்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவா இவங்க?”

“ஆமாம் அத்தை.”

“அக்கான்னு சொல்லுங்க, நம்புறேன்.”

லேண்டிஸ் பிறந்தது 1896. கிராண்டைவிட ஏழு வயதுதான் மூத்தவர். இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அத்தை. உற்சாகத்தில் கூடுதலாக ஒரு தகவலையும் சொன்னேன். 1955இல் வந்த ‘டு கேட்ச் எ தீஃப்’ படத்தில் இதே லேண்டிஸ் கிரேஸ் கெல்லிக்கு அம்மா. அதாவது கிராண்டுக்கு மாமியாராகப் போகிறவர். நாலு வருஷத்தில் மாமியார் அம்மாவாகிவிட்டார்.

அத்தை சற்று யோசித்தார். “அது படத்துலதான் நடக்கும்,” என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

கடைசிக் காட்சி. மலைமுகட்டில் ஈவா ஒரு கையில் தொங்குகிறார். கிராண்ட் இன்னொரு கையை எட்டிப் பிடிக்கிறார். இழுக்கிறார், இழுக்கிறார், இழுத்து முடிக்கும்போது மலை இல்லை, ரயில் பெட்டி. மேல்பெர்த்துக்கு மனைவியை ஏற்றிக்கொண்டிருக்கிறார். எப்படித் தப்பித்தார்கள், யார் கீழே இறக்கிவிட்டார்கள், டிக்கெட் எப்போது எடுத்தார்கள் என்று ஒரு விளக்கமும் கிடையாது. சென்சார் வாயை அடைக்க ‘மிஸஸ் தார்ன்ஹில்’ என்று ஒரு அழைப்பு. அத்தோடு கல்யாணம் முடிந்தது. ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஹிட்ச்காக் பின்னாளில் விஷமத்தோடு சொல்லியிருக்கிறார். நான் அத்தைக்குச் சொல்லவில்லை.

“வில்லன் கடத்தப் பார்த்தானே, அந்தப் பொம்மைக்குள்ள இருந்த ஃபிலிம் சுருள்ல என்னதான் இருந்துச்சு?” என்றார் அத்தை.

“யாருக்கும் தெரியாது. அரசாங்க ரகசியம்னு மேம்போக்கா ஒரு வரி வரும், அவ்வளவுதான். டைரக்டருக்கே அதுல அக்கறை இல்ல.”

“ரெண்டே கால் மணி நேரம் அதுக்காகத்தானே அடிச்சுக்கிட்டாங்க? இவரோட அடுத்த படத்துலயாவது சொல்றாரா?”

ஹிட்ச்காக்கின் அடுத்த படம் 1960இல் வந்தது. ‘சைக்கோ.’

“அதுல வேற கதை, அத்தை.”

“அதுலயும் அம்மா உண்டா?”

“உண்டு. கதையே அம்மாவைச் சுத்தித்தான்.”

“அந்த அம்மாவாவது வயசுக்கேத்த அம்மாவா?”

“வயசுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது அத்தை,” என்றேன். மனைவி கரண்டியோடு வாசல்படிக்கு வந்து, ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.